டாக்டர் எழுதியும் நர்சிங் ஹோமில் நடக்கவில்லையே, ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் நர்சிங் ஹோமில் (நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்) இருக்கும் என் அம்மாவுக்கு இதயச் செயலிழப்பு. உடலில் நீர் சேர்கிறதா என்று அறிய தினமும் எடை பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது. கால் வீங்கிய பிறகு விசாரித்தால், ஒன்பது நாளாக எடையே பார்க்கவில்லை. யாரிடம் என்ன கேட்பது?

பதில்: முதலில் இன்றைய நிலையைப் பாருங்கள். வீக்கம் கூடுகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் இப்போதே டாக்டரைக் கூப்பிடும்படி பணியில் உள்ள நர்ஸிடம் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். விசாரணையெல்லாம் அப்புறம்.

இந்த மாதிரிப் பிசகு பல சமயம் வந்து சேர்ந்த அன்றைக்கே விழுந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் தாளில் இருப்பது தானாக நர்சிங் ஹோமின் ஆர்டர் (டாக்டரின் எழுத்து உத்தரவு) ஆகிவிடாது. அங்குள்ள டாக்டர் ஒப்புக்கொண்டு, நர்ஸ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மாத்திரைகள் பெரும்பாலும் ஏறிவிடும், பார்மசியிலிருந்து வரவழைத்தாக வேண்டுமே. எடை, ரத்தப் பரிசோதனை, குடிக்கும் நீரின் அளவு போன்றவைதான் எளிதில் விடுபடும். ஏற்றினாலும் நேரமும் ஷிஃப்டும் குறிக்காவிட்டால், நர்ஸ் அன்றாடம் பார்க்கும் பட்டியலில் அது வராமலே போகலாம்.

எனவே நான்கு பதிவுகளைக் கேளுங்கள்: நடப்பு ஆர்டர் பட்டியல், மருந்து–சிகிச்சைப் பதிவேடு, எடைப் பதிவு, நர்ஸ் குறிப்புகள். மத்திய அரசு விதிப்படி, அம்மாவோ அவருடைய சட்டப்படியான பிரதிநிதியோ கேட்டால் 24 மணி நேரத்துக்குள் (வார இறுதி, விடுமுறை நீங்கலாக) பார்க்கத் தர வேண்டும். நகல் என்றால் 2 வேலை நாள். அதற்குக் கட்டணம் கேட்கலாம். நீங்கள் பிரதிநிதி இல்லையென்றால் அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் பட்டியலிலேயே எடை இல்லையென்றால், சேர்க்கும்போது விட்டிருக்கிறார்கள். ஆர்டர் இருந்து பதிவேட்டில் அந்த நாளுக்கான கட்டம் மட்டும் காலி என்றால், ஷிஃப்டில் இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். “மறுத்துவிட்டார்” என்ற குறி வரிசையாக வந்தால், அதை டாக்டருக்குத் தெரிவித்ததாக நர்ஸ் குறிப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எழுதியிருக்கும் எடையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சக்கர நாற்காலியோடு எடை பார்த்துவிட்டு நாற்காலியின் எடையைக் கழிக்க மறப்பது சர்வ சாதாரணம். ஒரு நாள் நாற்காலியின் கால் வைக்கும் பலகையோடும் மறுநாள் அது இல்லாமலும் எடை பார்த்தால் சில பவுண்டு மாறிவிடும். அதே தராசு, காலை உணவுக்கு முன், சிறுநீர் கழித்த பின், ஒரே மாதிரி உடை: இப்படிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

டாக்டரிடம் ஆர்டரைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். வெறும் “தினமும் எடை” அரைகுறை ஆர்டர். “தினமும் காலை 6 மணிக்கு, ஒரு நாளில் 3 பவுண்டு அல்லது வாரத்தில் 5 பவுண்டு கூடினால் அழைக்கவும்” என்பதுபோல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு உரிய வரம்பை டாக்டர்தான் முடிவு செய்வார்.

புகாரை டைரக்டர் ஆஃப் நர்சிங்கிடம் (அங்குள்ள நர்ஸ்களின் தலைவர்), விடுபட்ட தேதிகளைக் குறித்து எழுத்தில் கொடுங்கள். முடிவையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். மழுப்பினால், அங்கு வசிப்பவர்களின் சார்பில் பேசும் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் கிடையாது. மாநில ஆய்வுத் துறை நேரில் வந்து விசாரித்து விதிமீறலைப் பதியலாம். இருவரின் தொலைபேசி எண்களும் அந்த இல்லத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். புகார் சொன்னதற்காக அம்மாவிடம் பழிவாங்குவது சட்டவிரோதம்.

நகல் கைக்கு வந்ததும் மற்ற மருந்துகளையும் டிஸ்சார்ஜ் தாளோடு ஒப்பிடுங்கள். குறிப்பாக “வாரம் ஒருமுறை” என்று எழுதியவை. மூட்டுவாதத்துக்கு வாராவாரம் தரும் மெத்தோட்ரெக்சேட், தினமும் என்று தவறாக ஏறினால் உயிருக்கே ஆபத்து.