பந்து உருண்டால் பகை தீருமா?

கேள்வி: ஒலிம்பிக், உலகக் கிண்ணம் எல்லாம் உலக அமைதியை வளர்க்கும் என்று என் மகள் பள்ளியில் பேச வேண்டுமாம். உண்மையிலேயே வளர்க்கிறதா, அண்ணே?
– வாசகி, ஈசூன்

பதில்: முதலில் 2010-ஐச் சொல்லச் சொல்லுங்கள், தங்கச்சி. முதல் இளையர் ஒலிம்பிக் நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. ஜூடோவில் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளைக் கலந்து ஒரே குழுவாக இறக்கினார்கள். எந்தக் கொடிக்குக் கத்துவது என்று பார்ப்பவனுக்கே குழப்பம். எனக்கு அந்தக் குழப்பம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதே போட்டியில், தேக்குவாண்டோ இறுதிச் சுற்றில் இஸ்ரேல் பையனுடன் மோத வேண்டிய ஈரான் பையன், காயம் என்று விலகிவிட்டான். காயமா, அரசியலா என்று அப்போதே பேச்சு எழுந்தது.

1971-ல் அமெரிக்க மேசைப்பந்து வீரர்கள், அப்போது அவர்கள் நாட்டோடு பகையாயிருந்த சீனாவுக்குப் போனார்கள். மறு ஆண்டே அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில். இதை எல்லாரும் சொல்வார்கள். இரண்டு அரசுகளும் அதற்கு முன்பே பேச வழி தேடிக்கொண்டிருந்தன என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு மனசிருந்தால் பந்து ஒரு நல்ல சாக்கு, அவ்வளவுதான். மனசில்லாவிட்டால்? 1969-ல் உலகக் கிண்ணக் காற்பந்துத் தகுதி ஆட்டங்களோடு சேர்ந்தே மத்திய அமெரிக்காவில் அண்டை நாடுகளான எல் சால்வடோருக்கும் ஹோண்டுராஸுக்கும் போரே மூண்டது. நிலமும் குடியேறிகளும் பற்றிய புகைச்சல் அதற்கு முன்பே இருந்தது.

அப்புறம், எங்கள் புளோக் கோப்பிக்கடையில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தன்று இரு தரப்பும் ஒரே மேசையில் தே தாரிக் குடிக்கும். கத்தல் மட்டும் காது கிழியும். மகளுக்கு நேரம் குறைவென்றால் 1969-ஐ விட்டுவிடலாம். ஜூடோவை விட வேண்டாம்.