விண்மீன் மண்டலக் (கேலக்ஸி) கொத்து ஒன்றுக்குப் பின்னாலிருக்கும் மண்டலத்தின் அசல் வடிவமே தெரியாதபோது, கொத்தின் ஈர்ப்பு ஒளியை வளைத்து அதன் உருவத்தை இழுத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சந்தேகம் நியாயமானது. தனி ஒரு மண்டலத்தைக் காட்டி, முன்னாலுள்ள கொத்தின் ஈர்ப்புதான் இதை நீட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபெல் 370 கொத்தில் தெரியும் பெரிய ஒளிவில் வேறு சங்கதி. அங்கே வளைவு கண்ணுக்கே புலப்படும். கொத்தின் நடுவிலிருந்து விலகினால் நீட்சி சில விழுக்காடாகக் குறைந்துவிடும். இதைத்தான் மெல்லிய ஈர்ப்பு வில்லை (லென்ஸ்) என்கிறோம்.

தாம்பாளத்தில் அரிசியைத் தூவினால் ஒவ்வொரு மணியும் ஒரு திசை பார்க்கும். சராசரி எடுத்தால் எந்தத் திசையும் மிஞ்சாது. வானத்து மண்டலங்களும் ஏறக்குறைய அப்படித்தான். இடையில் ஒரு கொத்து வந்தால், எல்லாம் அதைச் சுற்றி வளையம் போடுவதுபோல் துளி திரும்பியிருக்கும். மண்டலங்கள் பிறவியிலேயே வட்டத்திலிருந்து ஆளுக்கொரு விதமாக நீண்டிருக்கும்; அந்தச் சிதறல் சுமார் 0.3, நாம் தேடும் ஈர்ப்பின் நீட்சியோ 0.03 அளவு. ஒன்றை வைத்து எதுவும் தெரியாது. 900 மண்டலங்களின் சராசரி எடுத்தால் சிதறல் 900-இன் வர்க்கமூலமான 30-ஆல் வகுபட்டு 0.01 ஆகிறது. அப்போது விஷயம் வெளியே வரும். 1990-இல் வானியலாளர்கள் டைசன், வால்டெஸ், வெங்க் மூவரும் ஆபெல் 1689 உள்ளிட்ட இரு கொத்துகளில் இதைக் காட்டினார்கள். 1993-இல் கைசரும் ஸ்குவயர்ஸும் இந்தத் திருப்பங்களிலிருந்தே நிறையின் வரைபடத்தை வரைய வழி சொன்னார்கள்.

அந்த வரைபடத்தின் அருமை புல்லட் கொத்தில் தெரிந்தது. இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிப் போன இடம் அது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வெப்ப வாயு வழியிலேயே பின்தங்கிவிட்டது. சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்ப் படத்தில் அதைப் பார்க்கலாம். 2006-இல் க்ளோவும் குழுவினரும் வெளியிட்ட வரைபடத்திலோ நிறை வாயுவின் மேல் இல்லை, மண்டலங்களோடு முன்னே போயிருந்தது. ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளுக்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கணக்கு எளிது; கை வைத்தால்தான் வம்பு. முதுகலைத் திட்டப்பணியில் என் முதல் வரைபடத்தில், கொத்தே இல்லாத ஒரு மூலையில் பெரிய நிறைமேடு எழுந்தது. இரண்டு நாள் மிதந்தேன். வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "நட்சத்திரங்களைப் பார்த்தாயா?" நட்சத்திரங்கள் நம் பால்வீதியைச் சேர்ந்தவை, கொத்துக்கு முன்னால் இருப்பவற்றை அதன் ஈர்ப்பு தொடவே முடியாது. அந்த மூலையில் அவையும் அதே பக்கம் சாய்ந்து நீண்டிருந்தன. கோளாறு தொலைநோக்கியின் ஒளியமைப்பில்.

நட்சத்திரங்களை அளந்து, அந்தக் கோணலை மண்டலங்களிலிருந்து கழித்தேன். பிறகு இன்னொரு சோதனை: ஒவ்வொரு மண்டலத்தையும் அதனதன் இடத்திலேயே 45 பாகை திருப்பிவைத்து அதே கணக்கைப் போட வேண்டும், உண்மையான ஈர்ப்பு என்றால் அதில் எதுவும் மிஞ்சக்கூடாது. கோணலைக் கழித்த வரைபடத்தில் என் மூலை மேடு காணாமல் போயிற்று. கொத்து இருந்த இடத்தில் சின்னதாக ஒன்று மட்டும் அசையாமல் நின்றது.