கைக்கணினி இயங்குதளங்களில் சில மட்டுமே நிலைப்பது ஏன்?

கைக்கணினியின் (டேப்லெட்) திரை, மின்கலம், செயலிகள் (ஆப்) ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தை எண்ணிப் பாருங்கள்: கூட்டம் வரும் இடத்தில்தான் கடை போடுவார்கள்; நல்ல கடைகள் இருந்தால்தான் கூட்டமும் வரும். செயலிகளை உருவாக்குவோரும் பயனாளர்களும் அவ்வாறே ஒருவரையொருவர் சார்ந்திருக்கின்றனர்.

2011 ஜூலையில் எச்பி நிறுவனம் வெப்ஓஎஸ் இயங்குதளத்துடன் வெளியிட்ட டச்பேட் என்ற கைக்கணினி, திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுகளைப்போல விரித்துக்காட்டி, விரலால் மேலே தள்ளினாலே மூடிவிடும் நயத்தோடு அமைந்திருந்தும், போதிய செயலிகளும் வாங்குவோரும் இல்லாமல் ஏழே வாரங்களில் கைவிடப்பட்டது. அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தமே.

ஆப்பிளின் ஐபேட் கைக்கணினிக்கான இயங்குதளம் 2019இல் ஐபேட்ஓஎஸ் என்ற தனிப்பெயர் பெற்றது. இனி மடிக்கணினியின் வேலையை எது செம்மையாகச் செய்கிறது என்பதில்தான் ஆண்ட்ராய்டு, விண்டோஸ் ஆகியவற்றுடன் அதன் போட்டி இருக்கும் என்பது என் கணிப்பு.

தோற்றுப்போன இயங்குதளம் தரமற்றது எனப் பலர் எண்ணுவது தவறு. வெப்ஓஎஸ் இன்றும் எல்ஜி தொலைக்காட்சிகளில் இயங்குகிறது.