சாவி கையில் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, பார்க்கிங் பிரேக்கும் விடவில்லை

வணக்கம். தொப்பூர் கணவாய்க்கு முன்னால் டீ குடிக்கக் காரை நிறுத்திவிட்டு வந்தபோது, மீட்டரில் "சாவி இல்லை" என்று காட்டி, பார்க்கிங் பிரேக்கும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா அம்மாவோடு வெயிலில் நின்றது எவ்வளவு கஷ்டம்!

மீட்டர் விளக்கு பளிச்சென்று எரிந்ததால் கார் பேட்டரி மேல் சந்தேகம் இல்லை. சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரிதான் தீர்ந்திருக்கும். இக்னிஷன் ஆன் ஆகி, பிரேக் பெடலையும் மிதித்தால்தான் பெரும்பாலான கார்களில் சுவிட்சால் இயங்கும் அந்த எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் விடும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொண்டன.

அடுத்த முறை பெடலை மிதித்துக்கொண்டு, சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். சாவிக்குள் பேட்டரியே தேவைப்படாத சிப் ஒன்று உண்டு, பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தால் கார் அதைப் படித்துவிடும். சில கார்களில் வைக்கும் இடம் மாறும், கையேட்டில் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும், பெடலை மிதித்தபடியே பார்க்கிங் பிரேக் சுவிட்சைக் கீழே அழுத்தினால் பின் சக்கரத்துப் பக்கம் 'உய்ங்' என்று மோட்டார் சத்தம் கேட்கும், பிரேக் விட்டுவிட்டது. பட்டன் பேட்டரி பல சாவிகளில் சி.ஆர்.2032. தருமபுரியில் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அப்புறம் ஒன்று, தொப்பூர் இறக்கத்தில் போகிறவர் என்பதால் சொல்கிறேன். ஓடும்போது கால் பிரேக் பிடிக்காமல் போனால், பார்க்கிங் பிரேக் சுவிட்சை மேலே இழுத்து விடாமல் பிடித்திருங்கள். கார் படிப்படியாக வேகம் குறைந்து நிற்கும். பதற்றத்தில் இன்ஜினை அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் கனத்துவிடும். இதை அப்பாவுக்கும் காட்டிக்கொடுங்கள்.