கோப்பைக்குப் போட்டியிடும் ஆண்டில் வருங்கால டிராஃப்ட் தேர்வுகளை விற்கலாமா?

விற்கலாம். நானும் விற்றிருக்கிறேன். அதனால்தான் அமெரிக்கக் கால்பந்து பற்றிய இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

நீங்கள் விவரம் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் நிலை எனக்குத் தெரிகிறது. உங்கள் அணி ஐந்தாறு ஆட்டங்களை வென்று முன்னால் நிற்கிறது. ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கக்கூடிய வீரரை வைத்திருப்பவர், உங்களுடைய அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளைக் கேட்கிறார். "எப்படியும் நாம் ஜெயிக்கிற அணி, நம்முடைய தேர்வு கடைசியில்தானே வரும், போனால் போகட்டும்" என்று நீங்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டீர்கள். யாராவது ஒருவர் "சரி, செய்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருக்கிறது. 2021 அக்டோபரில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் எடுப்பார்கள். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம், சாம்பியனுக்கு 32-ஆவது இடம். அந்த இடத்தைத்தான் 'பிக்' என்கிறோம். இந்த ஆண்டு பிக்கை மட்டுமல்ல, இன்னும் வராத ஆண்டுகளின் பிக்கையும் விற்கலாம். ஃபேன்டசி லீக் என்பது நிஜ வீரர்களை வைத்து நண்பர்கள் நடத்தும் கற்பனை அணிகளின் போட்டி, வீரர்கள் களத்தில் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி. அதில் டைனஸ்டி வகையிலும் இதே ஏற்பாடுதான். அணி கலையாமல் ஆண்டாண்டாக நம் கையிலேயே இருக்கும், புது வீரர்களுக்கு மட்டும் டிராஃப்ட்.

நான் 2007-இல் மிச்சிகனுக்கு வேலைக்கு வந்தவன். எங்கள் லீக்கில் பன்னிரண்டு பேர், எல்லாரும் வாகனத் துறைப் பொறியாளர்கள், அதில் ஏழு பேர் தமிழர்கள். அந்த ஆண்டு ஆறு வாரம் முடிந்தபோது எனக்கு ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. அக்டோபர் 18, திங்கட்கிழமை இரவு. டென்னசி டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி பஃபலோவுக்கு எதிராக 143 கெஜம் ஓடி மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்தார். ஹென்றி எங்கள் லீக்கில் ஒரு கோவில்பட்டித் தம்பியிடம் இருந்தார். அந்தத் தம்பியின் அணிக்கு அந்த ஆண்டு நம்பிக்கை இல்லை. மறுநாள் இரவு அவரே கூப்பிட்டார்.

"அண்ணே, உங்கள் 2022 முதல் சுற்று மட்டும் என்றால் எனக்குக் கட்டாது. 2023-ஐயும் சேர்த்துக் கொடுங்கள், இப்போதே முடித்துவிடலாம்."

"தம்பி, 2023 எதற்கு உங்களுக்கு? அதுவும் கடைசிப் பிக்காகத்தான் வரும்."

"வரட்டும் அண்ணே. எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்."

அந்த "எப்படி வந்தாலும்" என்ற சொல்லை நான் அன்று காதில் வாங்கவில்லை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

இரண்டே வாரம். அக்டோபர் 31 ஞாயிறு, குழந்தைகள் ஹாலோவீன் உடுப்போடு தெருவில் இருந்தார்கள். ஹென்றி அன்று இண்டியானாபொலிஸில் 28 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 68 கெஜம்தான் எடுத்தார். ஏதோ சரியில்லை என்று தோன்றியதே தவிர, காயம் என்று நினைக்கவில்லை. திங்கட்கிழமை காலை அலுவலக வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்தேன். பாதத்தில் எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை. எட்டே ஆட்டங்களில் 937 கெஜம் ஓடியிருந்தவர் அதோடு அந்த லீக் பருவத்தில் இல்லை. வியாழன் தீபாவளி. வீட்டுக்குப் போனால் அதிரசப் பாகு கிண்டிக்கொண்டிருந்த என் மனைவி, "முகம் ஏன் இப்படி இருக்கிறது, வேலையில் ஏதாவதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அதே திங்கட்கிழமைதான் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் தங்கள் 2022 இரண்டாம், மூன்றாம் சுற்றுப் பிக்குகளை டென்வர் அணிக்குக் கொடுத்து, தற்காப்பு வீரர் வான் மில்லரை வாங்கியது. அவர்களுடைய முதல் சுற்று ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. எங்கே போயிருந்தது? எங்கள் ஊருக்கு. டெட்ராய்ட் லயன்ஸிடமிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்க, ராம்ஸ் 2022, 2023 முதல் சுற்றுகளையும் 2021 மூன்றாம் சுற்றையும் தங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப்பையும் கொடுத்திருந்தது. நான் விற்ற அதே இரண்டு ஆண்டுகள்.

ராம்ஸ் அந்தப் பருவத்தில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. 2022 பிப்ரவரி 13, சின்சினாட்டியை 23-20 என்று, தங்கள் சொந்த மைதானத்திலேயே. மில்லர் அன்று எதிரணிக் குவார்ட்டர்பேக்கை இரண்டு முறை வீழ்த்தினார். எங்கள் லீக்கில் நான் அரையிறுதியில் தோற்றேன்.

காயத்தைச் சாக்குச் சொல்கிறேன் என்று சிலர் எழுதுவீர்கள். இல்லை. ஹென்றி மீது ஒரு குறையும் கிடையாது. அடுத்த ஆண்டு முழு உடல்நலத்தோடு திரும்பி வந்து 1,538 கெஜம் ஓடினார். ஆனால் அதற்குள் நான் பயந்துபோய் அவரை ஓர் இரண்டாம் சுற்றுப் பிக்குக்குத் தள்ளிவிட்டிருந்தேன். தவறு அங்கேயும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. தவறு அந்த 2023-இல் இருக்கிறது.

பிக்கை விற்கும்போது அதன் விலையை எதை வைத்துப் போடுகிறோம்? இன்று நம் அணி எப்படி இருக்கிறது என்பதை வைத்து. வாங்குகிறவர் எதை வைத்துப் பார்க்கிறார்? அந்த ஆண்டில் நாம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து. நாம் உயர்ந்தால் அவருக்குக் கிடைப்பது சாதாரணப் பிக், நாம் சரிந்தால் தங்கம். நம் சரிவைத்தான் அவர் வாங்குகிறார். கோப்பைக்குப் போட்டியிடும் அணி என்றால் வயதான வீரர்கள் அதிகம், சம்பளச் சுமை அதிகம். இரண்டாவது ஆண்டில் சரிய வாய்ப்பு அதற்குத்தான் மிகுதி. அப்படிச் சரியும் ஆண்டில் ஒரே ஆறுதல் உயர்ந்த பிக். அதையும் விற்றுவிட்டால் விழுந்ததற்குக்கூடப் பயன் இல்லை.

எனக்கு அப்படியே நடந்தது. 2022-இல் மூன்று வெற்றி, பதினோரு தோல்வி. என் 2022 பிக் பத்தாவதாகப் போனது. அதில் எனக்கு நஷ்டம் பெரிதில்லை. 2023 பிக் இரண்டாவது இடமாகப் போனது. கோவில்பட்டித் தம்பி அதில் புதுமுகமான ஜமீர் கிப்ஸை எடுத்தார்.

ராம்ஸுக்கும் இதே கதைதான். 2022 முதல் சுற்று 32-ஆவது பிக், கடைசி இடம். ஆனால் அந்தப் பருவத்தில் காயங்களால் ராம்ஸ் 5-12 (ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி) என்று சரிந்தது. 2023 முதல் சுற்று ஆறாவது பிக்காக லயன்ஸ் கைக்கு வந்தது. லயன்ஸ் அதை அரிசோனாவுடன் பேரம் பேசி, 12-ஆவது, 34-ஆவது இடங்களாக மாற்றிக்கொண்டது. 12-இல் எடுத்தது கிப்ஸை, 34-இல் சாம் லபோர்ட்டாவை. நான் இழந்த அதே கிப்ஸ், என் ஊர் அணிக்கு!

2024 ஜனவரி 14 அன்று இரவு ராம்ஸே லயன்ஸின் மைதானமான ஃபோர்டு ஃபீல்டுக்கு பிளே-ஆஃப் ஆட வந்தது, ஸ்டாஃபோர்டோடு. லயன்ஸ் 24-23 என்று ஒரே புள்ளியில் வென்றது. 32 ஆண்டுகளில் எங்கள் முதல் பிளே-ஆஃப் வெற்றி. லயன்ஸ் அடித்த மூன்று டச்டவுன்களில் ஒன்று கிப்ஸ், ஒன்று லபோர்ட்டா. ராம்ஸ் விற்ற பிக் ராம்ஸையே வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் வரவேற்பறையில் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், சோஃபாவில் உட்கார முடியவில்லை. காஃப்பின் பெயரை மைதானம் முழுவதும் சேர்ந்து கத்தியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வர்த்தகத்தைப் பற்றி எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும் "இரண்டு முதல் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று, கூடவே காஃப்" என்றுதான் இருந்தது. கடையில் கொசுறு கொடுப்பதைப்போல ஒரு மனிதரைச் சொன்னார்கள். 2018 பருவத்தில் சூப்பர் பவுல் வரை ஆடியவர் அவர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். 2008-இல் லயன்ஸ் பதினாறு ஆட்டங்களிலும் தோற்றபோது நான் மேல் அடுக்கில் உட்கார்ந்து பார்த்தவன். பக்கத்து இருக்கைகள் காலி. குளிர்கோட்டை அந்த இருக்கையில் வைத்துக்கொள்வேன். இன்று குடும்பத்தோடு ஓர் ஆட்டத்துக்குப் போக நினைத்தால் மறுவிற்பனை விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படி ஆவதில்லை. வண்டி நிறுத்தவே கணிசமாகக் கேட்கிறார்கள். தோற்ற காலத்தில் கூட இருந்தவனுக்கு ஜெயிக்கும் காலத்தில் இடம் இல்லை. அந்த ஜனவரி இரவில் நான் தரையில் உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அப்படியானால் ராம்ஸ் செய்தது தப்பா? அவர்களிடம் கோப்பை இருக்கிறதே" என்பீர்கள். தப்பே இல்லை. லயன்ஸ் ரசிகனாக இருந்தும் சொல்கிறேன், மீண்டும் வாய்ப்புக் கிடைத்தாலும் அவர்கள் அதையே செய்ய வேண்டும். அவர்கள் வாங்கியது குவார்ட்டர்பேக், பல ஆண்டு ஆடக்கூடியவர். நான் வாங்கியது பத்து வாரத்துக்கு ஒரு ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர். இன்னொன்றையும் பலர் பார்ப்பதில்லை. ராம்ஸின் பொது மேலாளர் லெஸ் ஸ்னீட் வெற்றி ஊர்வலத்தில் பிக்குகளை ஏசும் வாசகம் போட்ட சட்டையோடு வந்தார், எல்லாரும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஸ்னீட் 2023 டிராஃப்டில் 14 வீரர்களை எடுத்தார். முதல் சுற்று கிடையாது, எல்லாம் அதற்குக் கீழான சுற்றுகள். ஐந்தாம் சுற்றில் 177-ஆவதாக எடுத்த பூக்கா நாகுவா முதல் ஆண்டிலேயே 1,486 கெஜம் பந்து பிடித்துப் புதுமுகங்களுக்கான சாதனையை முறியடித்தார். மேலே விற்றார்கள், கீழே சேர்த்தார்கள். நான் கீழேயும் சேர்க்கவில்லை.

குவார்ட்டர்பேக் என்றால் எதையும் கொடுக்கலாமா, 2022-இல் டென்வர் ரஸ்ஸல் வில்சனுக்கு இரண்டு முதல் சுற்றும் இரண்டாம் சுற்றுகளும் கொடுத்து 5-12 ஆனதே என்று யாராவது கேட்பார்கள். டென்வர் அதற்கு முந்தைய ஆண்டு 7-10. அது கோப்பைக்குப் போட்டியிடும் அணியே இல்லை, உங்கள் கேள்விக்குள் வராது. உங்கள் கேள்விக்குச் சரியான பாடம் ஹூஸ்டன். 2019 ஆகஸ்ட் இறுதியில் தடுப்பு வீரர் லரெமி டன்சிலுக்காக மயாமிக்கு 2020, 2021 முதல் சுற்றுகளைக் கொடுத்தார்கள், 2021 இரண்டாம் சுற்றும் போனது. டன்சில் நன்றாகவே ஆடினார். அந்த ஆண்டு 10-6, பிளே-ஆஃப். மறு ஆண்டு 4-12. விற்ற 2021 பிக் டிராஃப்டில் மூன்றாவது இடமாக மயாமிக்குப் போனது. மறுபடியும் பாருங்கள், முதல் ஆண்டுப் பிக் அல்ல, இரண்டாவது ஆண்டுப் பிக்.

ஊரில் ஏலச்சீட்டுப் போட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அவசரத்துக்கு முதல் மாதமே தள்ளி எடுப்பவர் எவ்வளவு கழிவு விட்டுக்கொடுக்கிறார்? என்.எஃப்.எல்.லில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு, அடுத்த ஆண்டு முதல் சுற்றுக்கு இந்த ஆண்டு இரண்டாம் சுற்று ஈடு என்பது. கேட் மாசி, ரிச்சர்ட் தாலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இந்த வர்த்தகங்களை ஆராய்ந்து, அணிகள் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல் என்று காட்டினார்கள். ஒரு வருடப் பொறுமைக்கு இரட்டிப்பு! வாங்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவசரப்படுவதே இல்லை என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

ஃபேன்டசி லீக்கையும் உண்மையான அணியையும் ஒன்றாக்கிப் பேசுவதாகக் கோபப்படாதீர்கள். சம்பள வரம்பு, ஒப்பந்தம் எல்லாம் எங்களுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். விற்பவன் தன் எதிர்காலத்தைக் கடைசி இடம் என்று நினைத்துக்கொள்வது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: வருகிற டிராஃப்டின் முதல் சுற்றைத் தாராளமாகக் கொடுங்கள். இந்தப் பருவம் எப்படி முடியும் என்று ஓரளவு உங்களுக்கே தெரியும், விலை உங்கள் கண் முன்னால் இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டைக் கேட்டால், குவார்ட்டர்பேக்கைத் தவிர யாருக்காகவும் கொடுக்காதீர்கள். எதிரில் இருப்பவர் விடாப்பிடியாக அதையே கேட்டால், உங்கள் அணியில் இருபத்தெட்டு வயதைத் தாண்டியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் ஹென்றியை வாங்கிய இரவில் எழுதியிருந்தால் ஒன்பது பெயர்கள் வந்திருக்கும். பிற்பாடுதான் எண்ணினேன்.

2024 பருவத்தில் ஹென்றி, கிப்ஸ் இருவரும் ஆளுக்கு 16 முறை ஓடி டச்டவுன் அடித்தார்கள். ஒருவரை நான் பயந்து விற்றேன், மற்றவரைப் பார்க்கும் முன்பே விற்றேன். கோவில்பட்டித் தம்பி அந்த ஆண்டு எங்கள் லீக்கை வென்றார். கோப்பையை அவர் வீட்டு அலமாரியில் பார்த்தேன், போன மாதம் அவர் மகள் பிறந்தநாளுக்குப் போயிருந்தபோது. கிளம்பும்போது, "அண்ணே, உங்கள் அடுத்த வருட இரண்டாம் சுற்று கொடுப்பீர்களா?" என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. என் வீட்டு அலமாரியில் என் அணியின் பட்டியலை ஒட்டி வைத்திருக்கிறேன், வயதோடு.