நான்கு திருகாணிகளில் நிற்கும் கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

குடம் இல்லாத, முழுப் பலகையால் ஆன எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன.

பெங்களூரில் ஓர் இசைக்கருவிக் கடையில் டெலிகாஸ்டர் என்ற கிட்டாரைப் பார்த்தேன். 1950-களில் வந்த வடிவம் இன்றும் ஏறக்குறைய அப்படியே செய்யப்படுவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் வாங்கிய கைப்பேசி மூன்றே ஆண்டில் பழசாகிவிட்டது. இந்தக் கிட்டார் மட்டும் எப்படி நிற்கிறது? பழமையின் மீதுள்ள மோகம்தானா?
– பொறியியல் மாணவர், பாலக்கோடு

மோகம் கொஞ்சம் உண்டு; ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்தது. இந்தக் கிட்டார் நிலைத்ததற்கான காரணத்தை அதைச் செய்தவரின் தொழிலில் தேட வேண்டும் என்பது என் கருத்து. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்கியல் படித்த அவர், 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். அக்கம்பக்கத்து இசைக்கலைஞர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களை அவரிடம்தான் கொண்டுவந்தார்கள். எது அடிக்கடி கெட்டுப்போகிறது, எதைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது, கம்பி எந்த இடத்தில் அறுகிறது என்பதையெல்லாம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கைப்பழக்கத்தில் அறிந்த ஒருவர், கெட்டால் எளிதில் பிரித்துச் சரிசெய்யக்கூடிய கருவியைத்தான் செய்வார்.

அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. ஒட்டிய கழுத்து வளைந்தால், அதைப் பிரித்தெடுப்பது கைதேர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. ஃபெண்டரோ மேப்பிள் மரக் கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலில் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். உடல் என்பது ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகை. அதில் வளைவு நெளிவோ செதுக்கு வேலையோ கிடையாது. பள்ளி விடுமுறைகளில் தருமபுரியில் ஒரு ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டவன் நான். பல ஆண்டுகள் கழித்து இந்த வகைக் கிட்டார் ஒன்றின் மேல்தகட்டை முதன்முதலாகக் கழற்றியபோது, உள்ளே இருந்த எல்லாமே எனக்குப் பழகிய பொருட்களாக இருந்தன: இரண்டு கண்ட்ரோல்கள், ஒரு சுவிட்ச், கெப்பாசிட்டர், சில கம்பிகள். அமெரிக்காவில் எங்கோ ஒரு ரேடியோக்காரர் எனக்காகவே அதை விளக்கி வைத்துவிட்டுப் போனதுபோல் உணர்ந்தேன். அந்த நன்றி இன்றும் குறையவில்லை.

அதன் பெயர் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1950-இல் எஸ்கொயர் என்ற பெயரில் வந்த இந்த வடிவம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகள் இரண்டோடு பிராட்காஸ்டர் ஆயிற்று. கிரெட்ச் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம் விற்றுவந்ததால் ஆட்சேபம் தெரிவித்தது. உடனே ஃபெண்டர் ஆலையில், ஒட்டுச்சீட்டிலிருந்து அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு, ‘ஃபெண்டர்’ என்ற சொல்லை மட்டும் ஒட்டிக் கிட்டார்களை அனுப்பினார்கள். பெயரில்லாத அந்தக் கிட்டார்களைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று ‘நோகாஸ்டர்’ என்று அழைத்துத் தேடித்தேடி வாங்குகிறார்கள். தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலம் அது. ஆகவே 1951-இல் டெலிகாஸ்டர் என்ற பெயர் வைக்கப்பட்டது. அன்று முதல் உற்பத்தி நின்றதே இல்லை.

குறையே இல்லாததால் அது நிலைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். பழைய முறைப்படி செய்த டெலிகாஸ்டரின் பிரிட்ஜில், அதாவது உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதியில், ஆறு தந்திகளுக்கு மூன்றே பித்தளைத் தாங்கிகள்தாம் உண்டு. இரண்டிரண்டு தந்திகள் ஒரே தாங்கியில் அமர்கின்றன. ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே திருத்த முடியாததால், கழுத்தின் மேற்பகுதியில் சுருதி மயிரிழை பிசகும். ஆறு தாங்கிகள் கொண்ட பிரிட்ஜ் வந்த பிறகும், ஒலி கெட்டியாக இருக்கிறது என்று மூன்று தாங்கியையே கேட்டு வாங்குவோர் பலர். அவர்கள் காதை நான் நம்புகிறேன். ஆனால் புதிதாகக் கற்பவர் ஆறு தாங்கி உள்ளதையே வாங்கட்டும்.

ஒப்பிடுவதற்கு கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரைப் பாருங்கள். 1952-இல் வந்த அது மகோகனி உடலும், மேலே வளைவாகச் செதுக்கிய மேப்பிள் பலகையும், ஒட்டிய கழுத்தும் கொண்ட அழகான கருவி. விற்பனை சரிந்ததால் 1960-களின் தொடக்கத்தில் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். கலைஞர்கள் பழைய கிட்டார்களைத் தேடி அலையத் தொடங்கிய பிறகு, 1968-இல் அது திரும்ப வந்தது. நீங்கள் சொல்லும் மோகம் அங்கே உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது. டெலிகாஸ்டருக்கு அந்த மறுபிறப்பு தேவைப்படவில்லை. உங்கள் கைப்பேசி பழசானதற்கு, அதைத் திறந்து ஒரு பாகத்தை மாற்ற உங்களால் முடியாமல் போனதும் ஒரு காரணம் அல்லவா?

வீணைக்குக் குடம் இருக்கிறது, சாதாரணக் கிட்டாருக்கு வயிறு இருக்கிறது. வெறும் பலகையிலிருந்து ஒலி எப்படி வருகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அரூர்

பலகையிலிருந்து ஒலி வருவதில்லை என்பதே விடை. தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது, சிறு காந்தங்களைச் சுற்றித் தலைமுடி அளவே மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்து, நீங்கள் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய அதே மின்காந்தத் தூண்டல்தான் இது. நைலான் தந்தியைக் கட்டினால் இந்தப் பிக்கப்புக்கு எதுவும் கேட்காது.

குடத்தை ஏன் விட்டார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 1936-இல் கிப்சன் வெளியிட்ட இ.எஸ். 150 போன்ற முந்தைய எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு வயிறு இருந்தது. ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினால், அதிலிருந்து வரும் ஒலியே கிட்டாரின் வயிற்றை அதிரவைத்து, மீண்டும் ஆம்ப்ளிஃபயருக்குள் போய்ச் சுழலும். மாரியம்மன் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் காதைப் பிளக்குமே, அதே தொல்லை. கனமான பலகை அவ்வளவு எளிதில் அதிராது. தந்தியின் ஆற்றலை விழுங்காமல் விடுவதால், மீட்டிய சுரம் நீண்ட நேரம் நிற்கவும் செய்கிறது.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் டெலிகாஸ்டர் வகைக் கிட்டார் வாசிக்கிறேன். டியூப் லைட்டுகளைப் போட்டதும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வருகிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது. சில நாள் மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. கிட்டார் பழுதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. மைக்கும் கிட்டாரும் ஒருசேரப் படும்போது சுரீரென்றால் எர்த் சரியில்லை என்று பொருள். ஆம்ப்ளிஃபயரின் மூன்று ஊசி பிளக்கில் எர்த் ஊசியை உடைத்துவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் செருகும் வழக்கம் நம் மேடைகளில் பரவலாக உள்ளது. ஒரு திருவிழா மேடையில் அப்படிச் செருகிய ஆம்ப்ளிஃபயரால் என் நண்பர் ஒருவர் தூக்கி எறியப்பட்டதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்: மின்பணியாளர் வந்து எர்த்தைச் சோதித்து, மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சரியான இணைப்பில் இயங்குவதை உறுதிசெய்யும் வரை அந்தக் கிட்டாரைத் தொடாதீர்கள்.

இரைச்சல் தனிச் செய்தி. பெரும்பாலும் அது பழுதன்று. ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 சுழற்சி மின்காந்தப் புலத்தையும் கேட்டுவிடுகிறது. உங்கள் உடலும் அந்தப் புலத்தை வாங்கிக் கிட்டாருக்குக் கடத்துகிறது. தந்திகள் பிரிட்ஜ் வழியாகத் தரைக்கம்பியோடு இணைந்திருப்பதால், தொட்டதும் உடல் வழியாக வரும் இரைச்சல் அடங்குகிறது. சோக் உள்ள விளக்குகளிலிருந்து தள்ளி நின்று, கிட்டாரைச் சற்றே திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் வெகுவாகக் குறையும். பிக்கப் குழிகளின் உட்புறம் செம்புத் தாள் ஒட்டி, அதைத் தரைக்கம்பியோடு இணைத்தால் இன்னும் குறையும்.

முழுதாகப் போக வேண்டுமானால் ஹம்பக்கர் வேண்டும். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1950-களின் நடுவில் அமைத்த இதில், எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் இரண்டு சுருள்கள் இரைச்சலை ஒன்றையொன்று தின்று தீர்க்க, தந்தியின் ஒலி மட்டும் சேர்ந்து வருகிறது. ஆனால் டெலிகாஸ்டரின் கணீரென்ற கூர்மை அதில் மழுங்கிவிடும். எர்த்தைச் சரிசெய்துவிட்டு, மிஞ்சும் சிறு இரைச்சலோடு வாழ்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எல்லா நிறுவனங்களும் அதே வடிவத்தில் விற்கின்றனவே, அது திருட்டு இல்லையா?
– வாசகர், ஊத்தங்கரை

உடலின் வடிவத்தைப் பொறுத்தவரை இல்லை. டெலிகாஸ்டர் முதலிய உடல் வடிவங்களுக்கு ஃபெண்டர் நிறுவனம் வணிகக்குறி உரிமை கேட்டபோது, அவை பொதுவழக்காகிவிட்டன என்று அமெரிக்க வணிகக்குறி வாரியம் 2009-இல் மறுத்துவிட்டது. கழுத்தின் தலைப்பகுதி வடிவமும் பெயரும் அவர்களுக்கே உரியவை. அதனால்தான் பிற நிறுவனங்களின் கிட்டார்களில் தலை மட்டும் வேறுபட்டிருக்கிறது.

கர்நாடக சங்கீதம் கற்கும் என் மகள் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறாள். கமகம் வருமா?
– தாய் ஒருவர், ஓசூர்

வரும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட சாதாரண மாண்டலினில் சுரம் உடனே அவிந்துவிடும். இழைப்புக்கு இடமே இல்லை. அவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். சுரம் நின்றதால்தான் அதன்மேல் கமகம் பிடிக்க முடிந்தது. கிட்டாரில் அதே வழியில் ஆர். பிரசன்னா கச்சேரிகள் செய்துவருகிறார். மெல்லிய தந்திகள், அதாவது முதல் தந்தி 0.009 அங்குலம் உள்ள தொகுப்பை வாங்கிக்கொடுங்கள். வீணையில் தந்தியை இழுத்து மேல் சுரத்தைத் தொடுவதுபோல் இதிலும் தொடலாம். வாய்ப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கமகம் தொண்டையிலிருந்துதான் விரலுக்கு இறங்கும்.

என் அப்பா தச்சர். எங்களிடம் நன்றாகக் காய்ந்த பலாப் பலகையும், வெட்டி இரண்டு மாதம் ஆன மாமரப் பலகையும் உள்ளன. டெலிகாஸ்டர் வடிவில் ஒரு கிட்டார் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. தாராளமாக முடியும். இந்த மரம்தான் வேண்டும் என்ற கட்டாயம் ஃபெண்டருக்கே இருந்ததில்லை. தொடக்கத்தில் பைன் மரத்திலும், பிறகு ஆஷ் மரத்திலும் அவர் உடல்களைச் செய்தார். கிடைப்பது, வேலைக்கு ஒத்துவருவது என்பவையே அவர் கணக்கு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நாம் நம்பும் பலா, கிட்டாருக்கும் மிக நல்ல மரம். மாமரத்தை இப்போது தொடாதீர்கள். இரண்டு மாதம் போதாது. ஈரம் உள்ள பலகை பின்னால் முறுக்கிக்கொள்ளும். வண்டு துளைக்கும் மரம் என்பதை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து காட்டி, நிழலில் அடுக்கி, காற்றாட விட்டு அடுத்த கிட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடலை அப்பா செய்யட்டும். கழுத்தை விலைக்கு வாங்குங்கள். கழுத்தில்தான் கணக்கு கடுமையானது. தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் ‘நட்’ என்ற சிறு கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 25.5 அங்குலம், அதாவது 647.7 மில்லிமீட்டர். இதை 17.817-ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 36.35 மில்லிமீட்டரில் முதல் ஃபிரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி. மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் வரும் தூரத்தில், முதல் ஃபிரெட்டிலிருந்து அளந்து, இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியில், 323.85 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைப் பொருத்துவதும் முதல் கிட்டாருக்கு ஏற்ற வேலை அன்று. உங்கள் ஊரின் கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் கழுத்து சற்று வளைந்து நிமிரும். அந்தத் தண்டைக் கால் சுற்று திருகினால் சரியாகிவிடும்.

அப்பாவின் கைத்திறன் தெரிய வேண்டிய இடம், கழுத்து அமரும் குழி. பொதுவாக அது 56 மில்லிமீட்டர் அகலமும் 16 மில்லிமீட்டர் ஆழமும் கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஆடாமல், ஆப்பு வைக்காமல், கையால் அழுத்தினால் உட்காரும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். மரக்கதவுக்குக் கொளுவு வெட்டிப் பழகியவருக்கு இது புதிதன்று. குழியின் நடுக்கோடும் பிரிட்ஜின் நடுக்கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். தவறினால் ஓரத்துத் தந்தி கழுத்தைவிட்டு வெளியே நழுவும். பிரிட்ஜின் இடத்தைக் கழுத்தை மாட்டிய பிறகே குறியுங்கள். விற்பனைக்கு வரும் கழுத்துகளின் அளவு கடைக்குக் கடை சற்று மாறுவதால், கழுத்து கைக்கு வந்த பிறகு அதையே அச்சாக வைத்துக் குழியை வரைந்து, முதலில் ஏதாவதொரு துண்டுப் பலகையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு, அதன்பின் பலாவில் உளி வைக்கச் சொல்லுங்கள்.