வீட்டுத்தோட்டம் உடல்நலத்துக்கு எந்த அளவு உதவும்? மட்டக்களப்பு மணல் வளவிலிருந்து ஒரு பதில்

"வீட்டுத்தோட்டம் செய்தால் உடல்நலம் மேம்படும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நஞ்சு தெளிக்காத மரக்கறி கிடைப்பதைத் தவிர வேறு நன்மை ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நஞ்சில்லாத மரக்கறியை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். அடுப்படிக்கும் கீரைப் பாத்திக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிடுவதால் வீட்டார் உண்ணும் உணவே மாறிப்போகிறது. என் கணிப்பில் அதுவே முதல் நன்மை. கல்லடிப் பக்கத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் வளவொன்றில் நெடுங்காலமாகத் தோட்டம் வைத்திருப்பவள் என்ற முறையிலும், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள தாயாருக்கு அன்றாடம் சமைப்பவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லள்.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாப்பொருள் நிறைந்த கிழங்குகள் இந்தக் கணக்கில் சேரா. 80 கிராம் கொண்ட ஐந்து பங்குகள் என்று வைத்துக்கொண்டால் விளங்கிக்கொள்வது எளிது. இனி, நம் பகுதியின் மதியச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களின் அரிசிக்கும், கடலிலும் வாவியிலும் பிடிபடும் மீனுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆகவே கோப்பை நிறையச் சோறும், மீன் கறியும், ஓரத்தில் ஒரு கரண்டி கீரைச் சுண்டலும் என்றே பல வீடுகளில் சாப்பாடு முடிந்துவிடுகிறது. கீரை நல்லது என்பது யாருக்கும் தெரியாததல்ல. சந்தையில் காலையில் வாங்கிய கட்டு இந்த வெக்கைக்குப் பின்னேரத்துக்குள் வாடிவிடும். வாரத்துக்கு ஒரு முறை சந்தைக்குப் போகும் வீட்டில் முதல் இரண்டு நாளோடு கீரைக் கறி நின்றுபோகும். வேலியோரத்தில் முருங்கையும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும், பந்தலில் பசளியும் நிற்கும் வீட்டில், சோறு வெந்துகொண்டிருக்கும்போதே இலையைப் பறித்துவிடலாம். பறித்த நேரத்திலிருந்து விற்றமின் சியும் போலேற்று என்ற பி வகை விற்றமினும் குறைந்துகொண்டே போவதால், உடனே சமைப்பதில் சத்தும் அதிகம் மிஞ்சுகிறது.

இலைக்கறிகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அந்நாள்களில் எங்கள் ஒழுங்கையில் பலர் கத்தரியும் கொச்சிக்காயும் தக்காளியும் நட்டார்கள். பூச்சியும் இலைச்சுருட்டலும் வந்ததும் கைவிட்டார்கள். பராமரிப்புக் கூடிய பயிர்கள் அவை. கங்குனும் முளைக்கீரையும் விதைத்து மூன்று நான்கு வாரங்களில் கோப்பைக்கு வந்துவிடும். முருங்கைக்கோ ஒரு கொப்பை வெட்டி நட்டால் போதும். உடல்நலத்துக்காகத் தோட்டம் தொடங்குபவர் இலையில் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த இலையின் சத்து உடலில் சேர்வது சமைக்கும் முறையைப் பொறுத்தது. முருங்கையிலையிலும் பசளியிலும் உள்ள பீற்றா கரோட்டினை உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரைவது என்பதால், சிறிது தேங்காய்ப்பூவோ பாலோ சேர்த்துச் சமைக்கும் நம் வழக்கம் மிகவும் பொருத்தமானது. கீரையிலுள்ள இரும்புச் சத்து மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சி உடன் சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். எனவே சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள், கொதிக்கும்போது விட்டால் அந்த விற்றமினின் ஒரு பகுதி வெப்பத்தில் அழியும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது: தேயிலையிலுள்ள சேர்மங்கள் இரும்புடன் பிணைந்து அதைத் தடுத்துவிடுகின்றன. இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளி வைத்தால் நல்லது. (இந்த ஒன்றை வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பது தோட்டம் கொத்துவதைவிடக் கடினம்.) பழங்களில் கொய்யா ஒன்றே போதும், 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது, அதே அளவு தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான்.

நீரிழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாகற்காயும் முருங்கையிலையும் சீனி வருத்தத்தைத் தீர்த்துவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யக் கூடாது. தோட்டத்து மரக்கறி செய்வது வேறொரு காரியம்: அதிலுள்ள நார்ப்பொருள், சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது, அத்துடன் கோப்பையின் பாதியை மரக்கறி பிடித்துக்கொண்டால் சோற்றுக்கு இடம் தானாகவே குறைகிறது. என் தாயாரிடம் "சோற்றைக் குறையுங்கோ அம்மா" என்று எத்தனை தடவை சொன்னாலும் பயனில்லை. தான் பறித்த பயற்றங்காயும் கீரையும் கோப்பையில் கூடியபோது சோறு குறைந்ததை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கிளினிக்கும் மாத்திரையும் அவருக்கு இன்றும் தொடர்கின்றன.

அடுத்தது உடலுழைப்பு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. களை பிடுங்குதல், வாளியில் நீர் சுமந்து ஊற்றுதல், சருகு கூட்டுதல் ஆகியவை விரைந்த நடைக்கு ஒப்பான உழைப்பைக் கேட்பவை. மண்வெட்டியால் கொத்துவது அதைவிடக் கடினம். தெருவில் நடைப்பயிற்சிக்குப் போகக் கூச்சப்படும் நம் பெண்களுக்கு, யார் கண்ணிலும் படாமல் வளவுக்குள்ளேயே இந்த அளவை எட்ட முடிவது சிறிய விடயமல்ல. குனிந்து நிமிர்வதும், குந்தி எழுவதும், கையால் இறுக்கிப் பிடிப்பதும் முதுமையில் முதலில் தளரும் தசைகளுக்கு வேலை கொடுக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் குந்த வேண்டியதில்லை. இடுப்புயரத்தில் கல் அடுக்கியோ பழைய பெரலைப் பாதியாக வெட்டியோ பாத்தி அமைத்துக்கொள்ளலாம்.

மனநலத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் 30 பேரைக் கொண்டு செய்து 2011 இல் வெளியிட்ட சோதனையொன்றில், மன அழுத்தம் தரும் வேலையொன்றைச் செய்து முடித்தவர்களில் ஒரு பகுதியினர் அரை மணி நேரம் தோட்ட வேலையும் மற்றவர்கள் அதே நேரம் வாசிப்பும் செய்தார்கள். இரு சாராரிலும் கோட்டிசோல் என்ற அழுத்த ஓமோன் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களில் கூடுதலாகக் குறைந்தது. சிறிய சோதனைதான். ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017 இல் வெளிவந்த மீளாய்வும், மனச்சோர்வும் பதகளிப்பும் தோட்டம் செய்பவர்களிடம் குறைவதையே காட்டியது. மட்டக்களப்பாருக்கு இது புதிதல்ல: போரால் மனம் நொந்த சிறுவர்களுக்காக 1996 இல் இங்கே தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மரஞ்செடிகளுக்கும் விலங்குகளுக்கும் நடுவில் விளையாட்டையும் கலையையும் வைத்தே அவர்களை ஆற்றுப்படுத்தியது. வீட்டளவில் நான் காண்பது எளிமையான ஒன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்திருக்கும் முதியவருக்குக் காலையில் எழுந்து வெளியே வர ஒரு காரணமும், பிடுங்கிய கீரையில் ஒரு பிடியை வேலிக்கு மேலால் நீட்ட ஓர் அயலவரும் கிடைக்கிறார்கள்.

மண்ணிலுள்ள ஒருவகைப் பற்றீரியா மகிழ்ச்சியைத் தருகிறது என்ற செய்தி அடிக்கடி பகிரப்படுகிறது. அந்த முடிவு எலிகளில் செய்த பரிசோதனையிலிருந்து வந்தது, நம் வளவுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது. காலை ஆறரை மணி வெயிலில் நின்றால் விற்றமின் டி கிடைக்கும் என்பதும் பெரிதுபடுத்தப்பட்டது; சூரியன் தாழ்வாக இருக்கையில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. காலை வெளிச்சம் உடலின் நேர ஒழுங்கைச் சீராக்கி இரவுத் தூக்கத்துக்கு உதவும் என்பது மட்டும் சரி.

நன்மையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோயிடோசிஸ் என்ற கடும் நோயை உண்டாக்கும் பற்றீரியா இருக்கிறது. அது காயத்தின் வழியாக உடலுக்குள் புகும், மாரி காலத்தில் கூடுதலாகக் காணப்படும், நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்கும். ஆகவே எவருடைய நலனுக்காகத் தோட்டம் பரிந்துரைக்கப்படுகிறதோ அவரே கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: மழைச் சேற்றில் வெறுங்காலுடன் இறங்காமல் சப்பாத்தும் கையுறையும் அணிய வேண்டும், கால் புண் ஆறும்வரை கொத்துவதை வேறொருவரிடம் விட வேண்டும், விடாத காய்ச்சல் கண்டால் மண் வேலை செய்வதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வெளியேறிப் பறப்பதற்கு ஒரு வாரமளவே போதும் என்பதால், பூச்சாடித் தட்டு, சிரட்டை, நாற்று வைத்த யோகட் கப், நீர் நிரப்பிய பெரல் அனைத்தையும் வாரத்தில் ஒரு நாள் கவிழ்க்கவோ மூடவோ வேண்டும். வறண்ட, வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பின் வெளியில் வேலை செய்வது முதியவர்களுக்கு ஆகாது. சருகுக் குவியலுக்குள் கையை விடுமுன் தடியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் புடையன் என்ற நச்சுப் பாம்பு உள்ள ஊரில் எல்லோருக்கும் வேண்டும்.

கடைசியாக, நஞ்சைப் பற்றி. சொந்தத் தோட்டத்தில் தெளிக்கவில்லை என்றால் உண்பவருக்கும் தெளிப்பவருக்கும் ஆபத்துக் குறைகிறது என்பது வெளிப்படை. வாழைச்சேனை முதல் திருக்கோவில் வரையான கரையோர மணற்பட்டையில் வாழ்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது பசளை, அதாவது உரம். எங்கள் மணல் எதையும் தாங்கி வைத்திருக்காது. அள்ளிப் போடும் யூரியா மழையோடு நைத்திரேற்றாகிக் கீழிறங்கி, ஆழம் குறைந்த கிணற்றைச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதை மீறினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கக்கூடும். கூட்டெருவும் மட்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் மணலில் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும். அவற்றையும் கிணற்றிலிருந்து தள்ளியே குவியுங்கள்.

உங்கள் வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், கீரையிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொற்றாசியம் அவருக்குக் கேடாகலாம் என்பதால் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்க வோபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைப்பதால், ஒரு வாரம் அள்ளி உண்டு மறு வாரம் விட்டுவிடாமல் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ண வேண்டும். தோட்டம் காய்க்கத் தொடங்கியதும் உணவு மாறியிருப்பதை அடுத்த கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.